முதுகிற் சுமந்த ஐந்து நாள்

“வழியிலே கடை கண்ணி ஒன்றும் இல்லையோ?” என்று தமக்கையார் கேட்டார்.

“ஒன்றும் இல்லை, அம்மா,” என்றான் மருமகன்.

“மடம்?”

“இல்லை.”

“இருட்டிப்போனால் கூப்பிடு தூரத்திலே ஒரு வீடாவது?”

“இல்லை. அதற்காகத்தானே போகிறோம்.”

இவ்வுரையாடல் நிகழ்ந்தது கலிபோர்னியாவில், மருமகன் வீட்டுச் சமையலறையில். வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசித் திரை வழியாக நாமும் அதிற் கலந்துகொண்டிருந்தோம். தமக்கையார் இளம் வயதிற் கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் சென்று வந்தவர். நடையைக் கண்டு அஞ்சுபவர் அல்லர். ஆயினும், அவர் நடந்த வழியிலே தங்குவதற்குக் கோயில் வீதிகள் இருந்தன. பசித்தவருக்கு அன்னமிடும் ஊரார் இருந்தனர். சிவனொளிபாதமலையை எடுத்துக்கொண்டாலும், மார்கழிப் பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில், தேநீர்க் கடைகளின் விளக்கு வரிசையே ஒருவரை மேலே அழைத்துச் சென்றுவிடும். மலைக்குச் செல்வதென்றால் வழியெங்கும் மனிதர் இருப்பர் என்பதுதான் எம்மவர் கண்ட வழமை. ஐந்து நாளைக்கு வேண்டிய உணவையும் உறைவிடத்தையும் படுக்கையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, மனிதர் இல்லாத மலைக்குள் வேண்டுமென்றே நுழைவது அவருக்கு விளங்காத காரியமாயிருந்தது. உண்மையைச் சொல்வதானால், ஐம்பத்தேழு வயதில் அதற்குச் சம்மதித்த எமக்கும் அது முழுவதும் விளங்கியிருக்கவில்லை.

மருமகன் தெரிந்தெடுத்த இடம் சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள கிங்ஸ் கன்யன் தேசிய வனம். 1940ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட அப்பரப்பின் பெரும்பகுதி, 1984 தொடக்கம் சட்டப்படி ‘வனாந்தரம்’ ஆகும். வனாந்தரத்திற்குச் சட்டம் எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். 1964ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி அமெரிக்க சனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டமொன்று, நாட்டின் சில நிலப்பகுதிகளுக்குள் வீதியும் கட்டடமும் மோட்டார் வாகனமும் புகாதவாறு தடைசெய்தது. அங்கே செல்ல விரும்புவோர் கால்நடையாகவோ குதிரையிலோ செல்லவேண்டும். அங்ஙனம் காக்கப்படும் இடங்கள் அந்நாட்டில் இன்று 800க்கும் அதிகம்.

நாம் நடக்கவிருந்த பாதை ஒரு வட்டம். மோட்டார் வீதி முடியும் இடத்தில், ‘வீதி முடிவு’ என்றே பொருள்படும் றோட்ஸ் எண்டிற் புறப்பட்டு, ஆற்றோரமாக பரடைஸ் பள்ளத்தாக்கில் ஏறி, ரே ஏரிகள் எனப்படும் ஏரிக் கூட்டத்தை அடைந்து, கிளென் கணவாயைத் தாண்டி, வேறொரு பள்ளத்தாக்கின் வழியே புறப்பட்ட இடத்திற்கே இறங்கவேண்டும். சுற்றி வந்தால் ஏறத்தாழ 41 மைல். தூரத்தைக் கேட்டபொழுது நாம் கலங்கவில்லை. உயரத்தைக் கேட்டபொழுதே நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டோம். புறப்படும் இடம் 5,035 அடி. எங்கள் நுவரெலியாவிலும் தாழ்ந்தது. ஏரிகள் ஏறத்தாழ 10,500 அடி. கணவாயோ 11,978 அடி. ஈழத்தின் அதியுயர்ந்த பீதுருதாலகால மலை 8,281 அடி என்பதை நினைவிற் கொண்டால், அதன் உச்சிக்குமேல் இன்னும் 3,700 அடி அளவில் ஏறவேண்டியிருந்தது.

கோடையின் கடைக்கூறை அவன் குறித்ததற்குக் காரணம் உண்டு. யூன் மாதத்திலும் அங்கே கணவாய்கள் பனியால் மூடிக்கிடக்கும். பனி உருகும் வாரங்களில் ஆறுகள் பெருக்கெடுக்கும். பரடைஸ் பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் ஆற்றைக் கடப்பதற்கு இருந்த பாலம் 2017ஆம் ஆண்டு மிகுந்த பனிப்பொழிவின் பின் அடித்துச் செல்லப்பட்டது. அவ்வாண்டுக் கோடையில், வெளிநாட்டிலிருந்து வந்த நடைபயணியர் இருவர் அம்மலைத் தொடரின் ஆறுகளில் உயிரிழந்தனர். ஓகஸ்ட் முடிவில் வெள்ளம் வடிந்து, அதே ஆறு பெரும்பாலும் நடந்து கடக்கத்தக்கதாகிவிடும். நுளம்புப் படையும் அதற்குள் ஓய்ந்துவிடும். ஆனால் மலை எதனையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. கடைக்கோடையில் சிற்றோடைகள் வற்றும். இரவில் ஏரிக்கரையில் நீர் உறையும். புல்லும் சருகும் காய்ந்து ஒரு தீப்பொறிக்குக் காத்துக்கிடக்கும்.

தீயைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் தமக்கையாரின் அச்சங்களில் எம்மால் மறுத்துரைக்க இயலாததாயிருந்தது அது ஒன்றே. 2015ஆம் ஆண்டு யூலை 31ஆந் திகதி மின்னலால் மூண்ட தீ, கிங்ஸ் கன்யன் பகுதியில் 151,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. நாம் செல்லவேண்டிய ஒரே வீதியும் மூடப்பட்டது. 2020 செப்டெம்பர் 5ஆந் திகதி, அதற்கு வடக்கேயுள்ள காட்டில் நீர்த்தேக்கமொன்றின் கரையில் விடுமுறைக்குக் கூடாரமிட்டிருந்த மக்களைத் தீ வளைத்துக்கொண்டது. வீதியும் அடைபட்டுவிடவே, இராணுவ ஹெலிகொப்டர்கள் புகைக்குள் இறங்கி 200 பேருக்கு மேற்பட்டோரை மீட்டன. அவர்கள் எவரும் தவறிழைத்தவர் அல்லர். விடுமுறைக்கு வந்தவர்கள், அவ்வளவே. ஆதலின் எம் திட்டத்தில் முதலில் எழுதப்பட்டது போகும் வழியன்று. எவ்வெப்பொழுது போவதில்லை என்பதே. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு தீ வரைபடத்தைப் பார்ப்பது. பாதையை நோக்கித் தீ நகர்ந்தாலோ, பள்ளத்தாக்கில் புகை நிறைந்திருந்தாலோ வீட்டிலேயே இருப்பது.

அநுமதிச் சீட்டின் கதை சிறியது. ஒரு நாளில் இத்தனை பேர் மாத்திரமே அப்பாதையிற் புறப்படலாம் என்ற கணக்கு உண்டு. ஆறு மாதத்திற்கு முன்னரே கணினி வழியாகப் பதியலாம். பெப்புருவரி மாதத்தில் ஒருநாட் காலை மருமகன் கணினியின் முன் அமர்ந்திருந்து இருவருக்கும் சீட்டுப் பெற்றுவிட்டான். அன்று தொடக்கம் எமக்கு உறக்கம் குறைந்தது.

பயிற்சிக்கு வெள்ளவத்தையில் மலை ஏது? எமது மாடிக் குடியிருப்பின் படிகளே மலையாயின. முதுகுப்பையினுள் அரிசியை நிறைத்துக்கொண்டு நாலு மாடியையும் தினமும் பத்துத் தரம் ஏறி இறங்கினோம். மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் முதல் வாரம் மின்னுயர்த்தி பழுதோ என்று விசாரித்தார். இரண்டாம் வாரம் அரிசி விலை ஏறப்போகிறதோ என்று விசாரித்தார். முழங்கால்கள் முதலில் முறையிட்டன; பின்னர் தோள்கள். யூலை முடிவில் இருபத்தைந்து றாத்தலுடன் மூச்சிரைக்காமல் ஏறமுடிந்தது. ஆனால் வெள்ளவத்தைக் காற்று கடற்கரைக் காற்று. எத்துணைப் படி ஏறினாலும், பதினாயிரம் அடி உயரத்தின் மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்க அது உதவாது. இதனை நாம் ஏட்டில் வாசித்திருந்தோம். வாசித்திருந்தோம் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

ஓகஸ்ட் நடுவில் மருமகன் வீட்டை அடைந்ததும் பொருள்கள் அனைத்தையும் தரையிற் பரப்பினோம். சமையலறைத் தராசு நடுவில் வைக்கப்பட்டது. ஒருவன் தன் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேற் சுமத்தல் நன்றன்று என்பது அநுபவசாலிகள் கூறும் கணக்கு. எம் எடை 140 றாத்தல். ஆகவே 28 றாத்தல் எமக்கு எல்லை. எம் பையோ முதல் நிறுவையில் 39 றாத்தல் இருந்தது!

பொருளொன்றைத் தராசில் வைத்துவிட்டு, ‘இஃது இல்லாமல் ஐந்து நாள் இருக்கமுடியாதா?’ என்று கேட்பது ஒரு விசித்திரமான விசாரணை. இரண்டாம் சோடிச் சப்பாத்து வெளியேறியது. நான்கு பருத்திச் சட்டைகள் வெளியேறின. பருத்தி நனைந்தால் எளிதில் உலராது, குளிரில் உடற்சூட்டைத் திருடும் என்பதால் கம்பளிச் சட்டை ஒன்று அவ்விடத்தைப் பிடித்தது. பெரிய மின்சூள் போய், நெற்றியிற் கட்டும் சிறுவிளக்கு வந்தது. படிப்பதற்கென்று எடுத்துவைத்த தடித்த நூலை நாம் மூன்று முறை உள்ளே வைத்தோம். மருமகன் மூன்று முறை வெளியே எடுத்தான். கூடாரத்தை இரு கூறாக்கி, துணி அவனுக்கு, கம்புகள் எமக்கு என்று பங்கிட்டோம். மழையங்கியையும் நித்திரைப் பையையும் தொடவில்லை. அவற்றிற் குறைத்தால், குறைத்த அளவை இரவில் குளிர் வந்து கேட்கும்.

முன்னாளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. சியரா சங்கத்தின் வில்லியம் கோல்பி என்பார் 1901ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் பெருங்கூட்டமாக மக்களை இம்மலைகளுக்கு அழைத்துச் சென்றபொழுது, மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. சமையற்காரரும் உடன் சென்றனர். ரே ஏரிகள் என்ற பெயரும் அவருடைய மனைவி ரேச்சலின் பெயராலேயே வந்தது. எமக்குக் கழுதையும் இல்லை, சமையற்காரரும் இல்லை. ஆனால் தமக்கையார் இருந்தார்.

உணவுப் பகுதியை அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேமுக்கால் றாத்தல். அதற்கு மேற்படாது, அதிற் குறையவும் கூடாது. சோறும் பருப்புக் கறியும் இல்லாமல் என்ன சாப்பாடு என்றுதான் அவர் தொடங்கினார். ஆனால் உயரம் ஏற ஏற நீரின் கொதிநிலை தாழும். கடற்கரை ஊரில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ரே ஏரிக்கரையில் 89 பாகையளவிலேயே கொதித்துவிடும். அவ்வளவு சூட்டிற் பருப்பு வேகுமுன் அடுப்பிலுள்ள வாயு தீர்ந்துவிடும். கிங்ஸ் கன்யனில் 10,000 அடிக்கு மேல் விறகு எரிப்பதற்கும் அநுமதி இல்லை. இதனைக் கேட்டதும் அவர் ஒருநாள் முழுதும் யோசித்தார். மறுநாள் அவல் வந்தது; சுடுநீரை ஊற்றினாலே போதுமானது. வறுத்த பயற்றம் மாவும், பனங்கட்டித் தூளும், வறுத்த தேங்காய்ப்பூவும் வந்தன. மாசிச் சம்பல் உலரவைத்துப் பொடியாக வந்தது. முறுக்கு மாத்திரம் தோற்றது. அது பாதிக்குமேல் காற்றைச் சுமக்கும் பண்டம்.

காற்றுக்கு இடமில்லாமற் போனதற்குக் கரடியே காரணம். அம்மலைகளில் இன்று வாழ்வது கருங்கரடி. கலிபோர்னியாக் கொடியிற் காணப்படும் பெரிய கிறிஸ்லிக் கரடி 1924க்குப் பின் அம்மாநிலத்திற் காணப்படவில்லை. கருங்கரடி மனிதனைத் தேடி வருவதில்லை. அவனுடைய உணவைத் தேடி வரும். அதன் மோப்பத்திற்குப் பற்பசையும் சவர்க்காரமும்கூட உணவே. ஆதலால், மணமுள்ள அனைத்தையும் கரடியாற் பிளக்கமுடியாத தடித்த பிளாஸ்டிக் குடுவையில் அடைத்துச் செல்லவேண்டும் என்பது அப்பாதையின் கட்டாய விதி. வெறுங் குடுவையே இரண்டேமுக்கால் றாத்தல். மனிதருணவை ஒருமுறை ருசித்த கரடி மீண்டும் மீண்டும் கூடாரங்களை நாடும். ஈற்றில் அதனைச் சுட்டுக்கொல்ல நேரும். மனிதனைக் காப்பதுபோலத் தோன்றும் அக்குடுவை காப்பது கரடியைத்தான். எம் பையின் பக்கப் பையிலே தமக்கையார் இரகசியமாக வைத்திருந்த எள்ளுருண்டைப் பொதியையும் சித்தாலேபக் குப்பியையும் மருமகன் கண்டுபிடித்தபொழுது வீட்டில் சிறு வழக்கு நடந்தது. இரண்டும் குடுவைக்குள் அனுப்பப்பட்டன. கடைசி நிறுவை 29½ றாத்தல். ஒன்றரை றாத்தல் அதிகம். அதனை எள்ளுருண்டையின் பேரில் எழுதிவிட்டோம்.

புறப்படுவதற்கு இரு நாளைக்கு முன் தமக்கையார் ஒரு தாளுடன் வந்தார். எந்த இரவு எங்கே தங்குவோம், எப்பொழுது திரும்புவோம், எத்தனை மணிவரை காத்திருந்தபின் வனக்காவலருக்கு அவர் அறிவிக்கவேண்டும் என்பனவற்றை எம் கையால் எழுதச் செய்தார். அங்கே தொலைபேசி வேலை செய்யாது. செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்றே உண்டு. எழுதி முடிந்தபின் அவர் கேட்டார்:

“திரும்புவம் எண்டு ஆர் சொல்லுறது?”

இருவரும் கலந்து தீர்மானிப்போம் என்றோம்.

“அது சரிவராது, தம்பி. நீ அவனுக்காக ஏலும் எண்டு சொல்லுவாய். அவன் உனக்காகப் பேசாமல் இருப்பான். ஆருக்கு முதலிலை ஏலாமல் வருகுதோ, அவர் சொல்லுறதுதான் முடிவு. மற்றவர் ஏன் எண்டு கேக்கப்படாது. இதையும் எழுது.”

எழுதினோம்.

இனி எம் பிழையைச் சொல்லவேண்டும். திட்டத்தின்படி 6,600 அடி உயரத்திலுள்ள கிராண்ட் குரோவ் என்னும் இடத்தில் இரு இரவுகள் தங்கி, உடல் உயரத்திற்குச் சிறிது பழகியபின் நடையைத் தொடங்கியிருக்கவேண்டும். வீட்டிலிருந்து புறப்படுவது ஒருநாள் தாமதமாயிற்று. சீட்டின் திகதியோ மாறாது. ‘ஓர் இரவு போதும்’ என்று சொன்னவர் நாமே. பையிலிருந்து ஒன்பதரை றாத்தலைக் குறைத்துக் குறைத்து, எதனையும் குறைக்கலாம் என்ற பழக்கம் கைக்கு வந்துவிட்டது போலும்.

முதல் இரு நாளும் இன்பமாகக் கழிந்தன. பாலம் போன இடத்தில் இடுப்புவாரைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கினோம். தவறி விழுந்தால் மூட்டை நம்மை நீருக்குள் அழுத்தாமலிருக்க அது வேண்டும். நீர் முழங்காலைத் தொடவில்லை. வூட்ஸ் ஓடையின் மேலுள்ள தொங்குபாலத்தை ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். அங்கே 8,500 அடியளவில் இரவு தங்கினோம். மூன்றாம் நாள் மாலை ரே ஏரிகளை அடைந்தபொழுது, அந்திவெயிலிற் செம்பொன்னான பாறைமுடிகள் நீரிலும் தலைகீழாய் நின்றன. அதனைப் பார்த்து மகிழ்ந்தோம் என்று எழுத ஆசைதான். எமக்குத் தலையிடித்தது.

பதினாயிரம் அடிக்கு மேல், படுக்குமிடம் ஓர் இரவுக்கு 1,600 அடிக்கு மேல் உயரலாகாது என்பது வைத்தியர் தரும் பொது அறிவுரை. நாம் அன்று உயர்ந்தது 2,000 அடி. இரவில் உணவைக் கண்டாலே குமட்டியது, உறக்கம் வரவில்லை. கூடாரத்தின்மேல் உறைபனி படியும் மெல்லிய சலசலப்பைக் கேட்டவாறு கிடந்தோம். கணவாய் இன்னும் 1,500 அடி மேலே. காலையில் தலைவலி மாறிவிட்டது என்று சொல்லிவிடலாமே என்று நூறு தரம் எண்ணினோம். ஆறு மாதமாக அவன் போட்ட திட்டம். அவன் பெற்ற சீட்டு. நடுநிசியின் பின் ஒருமுறை, அவனும் உறங்கவில்லை என்பதை அவன் மூச்சிலிருந்து அறிந்தோம்.

விடிந்ததும், “திரும்புவோம்,” என்றோம்.

“சரி மாமா,” என்றான். ஏன் என்று கேட்கவில்லை. வரைபடத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். செய்மதிக் கருவியில் ‘வந்த வழியே திரும்புகிறோம், நலம்’ என்று அனுப்பினான். பின்னர் எம் பையிலிருந்த கரடிக் குடுவையை எடுத்துத் தன் பையிற் கட்டிக்கொண்டான். கட்டி முடித்தபின் ஒருமுறை மாத்திரம் கணவாய் இருந்த பக்கம் பார்த்தான்.

நண்பகலில் வூட்ஸ் ஓடைக்கு இறங்கியபொழுது தலையிடி பாதியாயிற்று. மாலையில் இருந்த இடம் தெரியவில்லை. பசி வந்தது. மாசிச் சம்பலுடன் அவலை இருவர் பங்கும் நாமே உண்டோம். மறுநாள், தாளில் எழுதிய அதே நாளில், வீதி முடிவை அடைந்தோம். நடந்த தூரத்திலும் அதிக வேறுபாடில்லை; காணாமற் போனது கணவாய் ஒன்றே.

மோட்டார் வண்டியில் வெகுதூரம் வந்தபின்னர்தான் தொலைபேசி உயிர்பெற்றது. முதல் மணியிலேயே தமக்கையார் எடுத்துவிட்டார்.

“ஆருக்கு ஏலாமல் வந்தது?”

“எனக்கு, அக்கா.”

“இப்ப?”

“சுகம்.”

“எள்ளுருண்டை மிஞ்சினதோ?”

மிஞ்சவில்லை என்றோம். அது மெய்.

இப்பொழுது அடுத்த ஓகஸ்டுக்கான சீட்டை மருமகன் பெற்றுவிட்டான். நேற்று மாலை திட்டத்தாள் எமக்கு வந்து சேர்ந்தது. தங்குமிடங்கள், தூரங்கள், உயரங்கள் யாவும் முன்போலவே அழகாக எழுதப்பட்டுள்ளன. முதல் வரி மாத்திரம் தமக்கையாரின் கையெழுத்து: ‘கிராண்ட் குரோவ், இரண்டு இரவு.’